ஏழாம் அத்தியாயம்: மழை மறித்த லோடுக்கு யார் பொறுப்பு?

2023 டிசம்பர் 18, திங்கட்கிழமை விடியற்காலை. கன்னிவாடியில் முருங்கை இலையை உலர்த்திப் பொடியாக்கி அனுப்பும் நண்பர் ஒருவருக்கு லாரி ஓட்டுநரிடம் இருந்து போன் வந்தது. “அண்ணே, எட்டயபுரம் தாண்டி வண்டி நகரல. ரோட்டு மேல தண்ணி ஓடுது. திருப்பி விடுறாங்க.” முந்தைய நாள் காலையில் தொடங்கி 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியிருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுவிட்டது. தூத்துக்குடி தண்ணீரில் மிதந்தது. நண்பரின் லாரியில் தார்பாய்க்கு அடியில் 25 கிலோ அட்டைப்பெட்டிகளில் பொடி இருந்தது. ஐரோப்பாவில் உள்ள பார்ட்டிக்கு டிசம்பர் 22-க்குள் கப்பல் ஏற்றித் தருவதாக வாக்கு. தவறினால் வாரத்துக்கு ஒரு சதவீதம் கழிவு.

ஆர்டர் தாளை எடுத்துக்கொண்டு மதியமே திண்டுக்கல் வந்தார். “மழை பெஞ்சது என் தப்பா சார்? அதுக்கு எப்படி என்கிட்ட பணம் பிடிப்பாங்க?”

தாளைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாம் பக்கம், பொடி எழுத்து. எக்காரணத்தால் தாமதம் வந்தாலும் பொறுப்பு சப்ளையருடையதே என்று ஒரு வரி. அதன் மேலேயே அவருடைய ரப்பர் ஸ்டாம்ப் ஊதா மையில் விழுந்திருந்தது. சீல் குத்தும்போது அந்த வரியை அவர் படிக்கவில்லை.

அவர் கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் யாருடைய தப்பு என்று சட்டம் முதலில் கேட்பதில்லை. என்ன வாக்குக் கொடுத்தீர்கள், அந்த வாக்கில் மழைக்கு இடம் விட்டிருந்தீர்களா என்றுதான் கேட்கும். ஒப்பந்தத்தை மீறினால் நஷ்டஈடு. வேண்டுமென்றே மீறினாரா, விதிவசத்தால் மீறினாரா என்ற வேறுபாட்டுக்கு அங்கே பெரிய மதிப்பில்லை. இந்த ஒன்று புரியாமல்தான் நம் பக்கத்துச் சிறு சப்ளையர்கள் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

சட்டம் தரும் நிழல் எவ்வளவு?

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் நமக்கு வேண்டியவை. ஆர்டரிலேயே “இன்னின்ன நடந்தால் தேதி தள்ளிப்போகும்” என்று எழுதியிருந்தால் 32-ஆம் பிரிவின் வழியே அந்த வாசகம் உங்களைக் காக்கும். வாசகம் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் பாதுகாப்பு. வாசகமே இல்லை என்றால் மிஞ்சுவது 56-ஆம் பிரிவு: ஒப்பந்தம் செய்த பிறகு அந்த வேலை நிறைவேற்றவே முடியாததாகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடும்.

“முடியாதது” என்ற சொல்லில்தான் சிக்கல். சத்யவிரத கோஷ் வழக்கில் (1954 ஏ.ஐ.ஆர். தொகுப்பில் உள்ளது) உச்ச நீதிமன்றம் அந்தச் சொல்லைக் கொஞ்சம் தளர்த்தியது. உலகில் யாராலும் முடியாது என்ற அளவுக்குப் போக வேண்டியதில்லை. இரு தரப்பும் எந்த நோக்கத்துக்காக ஒப்பந்தம் போட்டார்களோ அதன் அடித்தளமே சரிந்திருந்தால் போதும் என்றது. ஆனால் அந்த வழக்கிலேயே, போர்க்காலத்தில் அரசு நிலத்தைக் கையகப்படுத்தியதால் வேலை தள்ளிப்போனதை அடித்தளம் சரிந்ததாக நீதிமன்றம் ஏற்கவில்லை. தாமதம் வேறு, முடியாமை வேறு. லாரி மூன்று நாள் நின்றது தாமதம்.

செலவு கூடியதும் முடியாமை ஆகாது. ராணுவத்துக்கு நெய் சப்ளை செய்த அலோபி பர்ஷாத் நிறுவனம், இரண்டாம் உலகப் போரில் செலவு எகிறிவிட்டது என்று கூடுதல் தொகை கேட்டது. 1960-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்தோனேசியாவில் சட்டம் மாறி நிலக்கரி விலை ஏறியதைக் காரணம் காட்டிய மின் நிறுவனங்களுக்கு, எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் 2017-ல் கிடைத்ததும் அதே பதில்தான்.

நம் சரக்கோடு மிகவும் ஒத்துப்போகும் வழக்கு நிலக்கடலையைப் பற்றியது. 1956 அக்டோபரில் சூடான் நாட்டு நிலக்கடலை 300 டன்னை ஹாம்பர்க் துறைமுகத்துக்கு அனுப்ப ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டது. நவம்பர், டிசம்பரில் கப்பல் ஏற்ற வேண்டும். நவம்பர் 2-ஆம் தேதி சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாகப் போனால் டன்னுக்கு ஏழரை பவுனாக இருந்த கப்பல் கூலி பதினைந்து பவுன் ஆகும். சப்ளையர் அனுப்பவில்லை, கால்வாய் மூடியது தன் கையில் இல்லை என்றார். பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1961-ல் தீர்ப்பளித்தது: வழி சுற்றுதான், செலவும் அதிகம்தான், ஆனால் கடல் திறந்தே இருந்தது, நிலக்கடலை அந்தச் சில வாரங்களில் கெட்டுப்போகும் பொருளும் அல்ல, நஷ்டஈடு கொடுங்கள்.

2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கி, பெரிய கப்பல் நிறுவனங்கள் மறுபடி அதே முனையைச் சுற்றத் தொடங்கியபோது இந்த வழக்கைப் பலரிடம் சொன்னேன். கூலி கூடியதற்காக ஆர்டரைக் கைவிடலாமா என்று கேட்டவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: ஆர்டரில் அதற்கு ஒரு வரி இல்லை என்றால் கைவிடாதீர்கள், பார்ட்டியிடம் பேசிக் கூலியைப் பங்கு போடுங்கள்.

இன்னொரு தீர்ப்பு, வாங்கி விற்பவர்களுக்கு. 1950-களின் தொடக்கத்தில் வெளியான கங்கா சரண் வழக்கில், மில்லில் இருந்து எங்களுக்கு வர வர உங்களுக்குத் துணி அனுப்புவோம் என்ற பொருளில் வியாபாரி எழுதிக் கொடுத்திருந்தார். மில் தரவில்லை, அதனால் நான் தரவில்லை என்றார். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த வாசகம் சரக்கு எப்படிக் கைமாறும் என்பதைச் சொல்கிறதே ஒழிய, மில் தந்தால்தான் தருவேன் என்று நிபந்தனை போடவில்லை என்றது. ரெட்டியார்சத்திரத்தில் இலை வாங்கி அனுப்புகிறவரோ, ஒட்டன்சத்திரத்தில் வெங்காயம் பிடித்து அனுப்புகிறவரோ, “விவசாயி தரவில்லை” என்று சொல்லித் தப்ப முடியாது. அதை நிபந்தனையாகவே எழுதியிருக்க வேண்டும்.

கொரோனாகூட எல்லாக் கடனையும் துடைத்துவிடவில்லை. மத்திய நிதி அமைச்சகம் 2020 பிப்ரவரி 19 அன்று, சீனாவில் இருந்து வரும் சரக்கு தடைப்பட்டால் அதை இயற்கைப் பேரிடராகக் கருதலாம் என்று குறிப்பாணை விட்டது உண்மை. அது அரசுக் கொள்முதலுக்கானது. தனியார் ஒப்பந்தங்களில் நீதிமன்றங்கள் கறாராகவே இருந்தன. ஹாலிபர்ட்டன், வேதாந்தா இடையிலான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மே மாதம் சொன்னது நினைவில் இருக்கட்டும்: ஊரடங்குக்கு முன்பே தேதி தவறியவர் ஊரடங்கின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. டிசம்பர் 10-ல் அனுப்ப வேண்டிய லோடை 17-ல் கிளப்பிவிட்டு வெள்ளத்தைக் காட்டினால் அதே பதில்தான் கிடைக்கும்.

எது எதிர்பாராதது?

ஐப்பசி, கார்த்திகையில் மழை வருவது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அதனால் “வடகிழக்குப் பருவமழை” காரணம் ஆகாது. 95 சென்டிமீட்டர் ஆகும். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், கடலோரத்தோடு அடங்காமல் நம் திண்டுக்கல் மாவட்டத்தின் வழியாகவே மேற்கே போய், கொடைக்கானல் சாலைகளை மரங்களால் அடைத்தது. அதுவும் ஆகும். மழைத் தண்ணீர் புகுந்து உலர்த்தும் இயந்திரம் நின்றதா? அங்கே விவாதம் தொடங்கும்: மேடையின் மேல் வைத்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். கரண்ட் இல்லை, ஆள் வரவில்லை, மெஷின் பழுது, வட்டிக்குப் பணம் கிடைக்கவில்லை என்பவை பொதுவாக எடுபடாது.

கேரளாவுக்குக் காய் அனுப்புகிறவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. திடீர் ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் உத்தரவிட்டது. முன்னறிவித்து நடக்கும் ஹர்த்தால் எதிர்பாராத நிகழ்வு என்று இனி வாதிடுவது கடினம். முதல் நாளே லோடை ஏற்றியிருக்கலாமே என்பார்கள். லாரி வேலைநிறுத்தமும் அப்படியே. 2018 ஜூலை 20 முதல் 27 வரை நாடு முழுக்க லாரிகள் நின்றபோது, அது முன்கூட்டியே அறிவித்த போராட்டம். வேலைநிறுத்தம் என்ற சொல் உங்கள் ஆர்டரில் தனியாக எழுதப்பட்டிருந்தால் மட்டும் கவலை குறையும்.

மூன்று எழுத்தில் இருக்கும் பொறுப்பு

கப்பலில் அனுப்புகிறவர்கள் எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். என்ற எழுத்துகளை விலைக்கான சொல்லாக மட்டும் பார்க்கிறார்கள். எந்த இடத்தில் உங்கள் பொறுப்பு முடிகிறது என்பதைச் சொல்வதும் அவைதான். சி.ஐ.எஃப். ராட்டர்டாம் என்றால் ராட்டர்டாம் வரை எல்லாம் நம் தலையில் என்று நினைப்பது தவறு. கூலியும் இன்ஷூரன்ஸும் அதுவரை நீங்கள் கட்டுகிறீர்கள். அபாயமோ தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றியதுமே வாங்குபவருக்குப் போய்விடுகிறது. குறித்த தேதிக்குள் ஏற்றிவிட்டீர்கள் என்றால், கொழும்பில் கன்டெய்னர் மாற்று கப்பலுக்குக் காத்துக் கிடந்தாலும், 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தது போல ஒன்று நடந்தாலும், அந்தத் தாமதம் உங்கள் கணக்கில் வராது. டி.ஏ.பி., டி.டி.பி. என்று எழுதியிருந்தால் கதையே வேறு. பார்ட்டியின் வாசல் வரை நீங்கள்தான்.

கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி. போடுவதை நிறுத்துங்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடாத குறையாகச் சொல்லி வருகிறேன். கன்டெய்னரைத் துறைமுக முனையத்தில் ஒப்படைத்த பிறகு அது கப்பல் ஏறச் சில நாள் ஆகும். அந்த நாட்களில் அது உங்கள் கையிலும் இல்லை, கண்ணிலும் இல்லை, ஆனால் எஃப்.ஓ.பி.யில் அபாயம் உங்களுடையது. எஃப்.சி.ஏ. தூத்துக்குடி என்று போட்டால், கப்பல் நிறுவனத்திடமோ அதன் ஆளிடமோ ஒப்படைத்த நிமிடமே பொறுப்பு மாறும். விலையில் பெரிய வித்தியாசம் வராது. பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தகச் சபையும் கன்டெய்னருக்கு இதையே பரிந்துரைக்கிறது.

ஆர்டரில் சேர்க்க வேண்டிய வாசகம்

கீழே இருப்பதை ஒரு வக்கீலிடம் காட்டி ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை செலவழித்தால் எல்லா இன்வாய்ஸிலும், புரோஃபார்மாவிலும் ஓட்டலாம்.

“வெள்ளம், புயல், தொற்றுநோய்க் கட்டுப்பாடு, அரசு உத்தரவு, சாலை அல்லது துறைமுக மூடல், வேலைநிறுத்தம், கலவரம், போர், கப்பல் நிறுவனம் பயணத்தை ரத்து செய்தல் போன்று, சப்ளையரின் கட்டுப்பாட்டில் இல்லாததும் நியாயமான முயற்சியால் தவிர்க்க முடியாததுமான நிகழ்வால் சரக்கு அனுப்புவது தடைப்பட்டாலோ தாமதமானாலோ, அந்த நிகழ்வும் அதன் விளைவும் நீடிக்கும் காலத்துக்குத் தேதி தள்ளிப்போகும், அந்தக் காலத்துக்கு அபராதமும் நஷ்டஈடும் கிடையாது. நிகழ்வு தெரிந்த மூன்று நாட்களுக்குள் சப்ளையர் எழுத்தில் தெரிவிப்பார். தடை 45 நாட்களைத் தாண்டினால், அனுப்பாத சரக்கைப் பொறுத்தவரை எந்தத் தரப்பும் ஆர்டரை ரத்து செய்யலாம். அதற்குரிய அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்.”

இதில் “தாமதமானாலோ” என்ற சொல்லை யாரும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல ஆர்டர்களில் “தடுக்கப்பட்டால்” என்று மட்டும் இருக்கும். மூன்று நாள் நின்று நான்காம் நாள் போன லாரி தடுக்கப்பட்டதாக ஆகுமா என்று அப்புறம் மாதக்கணக்கில் வாதாட வேண்டிவரும். “அதன் விளைவும்” என்பதும் அப்படித்தான். வெள்ளம் வடிந்த மறுநாளே கப்பல் கிடைத்துவிடாது. நெரிசல் தீர வாரங்கள் ஆகும். வாங்குபவர் “45 நாள் அதிகம், 20 நாள் போதும்” என்றால் ஒத்துக்கொள்ளுங்கள். முருங்கைப் பொடிக்கு 45 சரி; சின்ன வெங்காயத்துக்கு அவர் கேட்பதே நியாயம்.

எந்த நாட்டுச் சட்டம் என்பதையும் கேளுங்கள். சர்வதேசச் சரக்கு விற்பனை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின் 79-ஆம் பிரிவு, தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட தடையால் தவறியவருக்கு, ஒப்பந்தத்தில் வாசகம் இல்லாவிட்டாலும் நஷ்டஈட்டில் இருந்து விலக்குத் தருகிறது. ஜெர்மனியும் பிரான்ஸும் அதில் சேர்ந்திருக்கின்றன, இந்தியா சேரவில்லை. இந்தியச் சட்டம்தான் நமக்கு எப்போதும் சாதகம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

லாரி நின்ற அன்றே செய்ய வேண்டியது

அன்றைக்கே எழுதுங்கள். போனில் சொன்னேன் என்பது சாட்சி ஆகாது. எங்கே, எப்போது, ஏன் நின்றது, எத்தனை பெட்டி, எப்போது நகரும் என்று நினைக்கிறீர்கள், மாற்று வழிக்கு என்ன முயற்சி எடுத்தீர்கள் என்று ஐந்தாறு வரி மின்னஞ்சல் போதும். ஓட்டுநரிடம் வீடியோ கேளுங்கள். வண்டி எண் பலகையும் தண்ணீரும் ஒரே படத்தில் விழ வேண்டும். வானிலை மையத்தின் அன்றைய எச்சரிக்கை, கலெக்டர் உத்தரவு, துறைமுக அறிவிப்பு, கப்பல் நிறுவனம் ஃபார்வர்டருக்கு அனுப்பிய மெயில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

பலரும் கவனிக்காத ஒரு சாட்சி உங்கள் கணினியிலேயே இருக்கிறது. இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று ஆயுள். கன்னிவாடியில் இருந்து தூத்துக்குடிக்கு ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். வண்டி வழியில் நின்றால் காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்போ பின்போ நீட்டிக்க வேண்டும். அப்போது காரணம் கேட்கும், அதில் இயற்கைப் பேரிடர் என்று ஒரு தேர்வு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்து நீட்டித்தால் தேதியும் நேரமும் பொறித்த அரசுப் பதிவு கைக்கு வந்துவிடும்.

மாற்று வழி தேடியதற்கும் தாள் வேண்டும். தூத்துக்குடி மூடினால் கொச்சி, சென்னை என்ன சொன்னது, கூலி எவ்வளவு கேட்டார்கள் என்ற பதில்களைச் சேமியுங்கள். மறுத்தாலும் சரி, கேட்டீர்கள் என்பது முக்கியம். கையில் பாதிச் சரக்குதான் இருக்கிறது, மூன்று பார்ட்டிக்குத் தர வேண்டும் என்றால் விகிதப்படி பிரியுங்கள். அதிக விலை தருபவருக்கு மொத்தத்தையும் தள்ளிவிட்டு மற்ற இருவரிடம் வெள்ளத்தைக் காட்டினால் அது நேர்மையும் இல்லை, நீதிமன்றத்தில் நிற்கவும் செய்யாது.

பணம் யார் பையில் இருந்து?

அபராத வாசகம் இருந்தாலும் அந்தத் தொகை முழுதும் தானாகக் கிடைத்துவிடாது. 74-ஆம் பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்பு. அதற்குள் நியாயமான நஷ்டஈடுதான். பார்ட்டிக்கு நஷ்டமே இல்லை என்றால் கேட்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2015-ல் கைலாஷ்நாத் வழக்கில் தெளிவாக்கியது.

லாரிக்காரரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க. 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குச் சட்டத்தின்படி, ஒத்துக்கொண்ட காலத்துக்குள் வரும் தாமதத்துக்கு லாரி நிறுவனத்தின் பொறுப்பு வாடகைத் தொகையோடு நிற்கும். தன் தவறில்லை என்று காட்டினால் அதுவும் இல்லை. வெள்ளத்தில் அவர் எளிதாகக் காட்டிவிடுவார். ஆக, பார்ட்டிக்கு நீங்கள் லட்சத்தில் கொடுத்து, லாரியில் இருந்து ஒன்றும் வராத நிலை ஏற்படலாம். சரக்கே நனைந்து கெட்டிருந்தால் புக்கிங் தேதியில் இருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். தவறினால் வழக்கே போட முடியாது. மரைன் இன்ஷூரன்ஸும் தாமதத்தால் வரும் இழப்பைப் பொதுவாகத் தராது. நனைந்தால் தரும், நேரம் போனதற்குத் தராது. அதனால்தான் ஆர்டரில் உள்ள அந்த ஒரு பத்தியை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். இந்த இடைவெளியை அடைக்க வேறு எதுவும் இல்லை.

எல்.சி. (வங்கி தரும் கடனுறுதிக் கடிதம்) இருந்தால் இன்னொரு கடிகாரம் ஓடும். வாங்குபவர் மனமிரங்கி மெயிலில் “பரவாயில்லை” என்றாலும் வங்கிக்கு அது தெரியாது. கடைசி ஏற்றுமதித் தேதி தாண்டிய ஆவணத்தை வங்கி திருப்பிவிடும். தேதியைத் திருத்தித் தரச் சொல்லி அன்றே கேளுங்கள், திருத்தம் கைக்கு வரும் வரை கன்டெய்னரை ஏற்றாதீர்கள்.

உள்நாட்டு வாங்குபவர் தாமதத்தைச் சாக்காக வைத்து மொத்தப் பணத்தையும் நிறுத்தினால், குறு, சிறு நிறுவனச் சட்டம் (2006) உதவும். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். 45 நாளுக்கு மேல் பணம் இழுத்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் உத்யம் பதிவு ஆர்டருக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்.

நண்பரின் லாரி அன்று எட்டயபுரத்தில் இருந்து அருப்புக்கோட்டைக்குத் திரும்பி வந்து நின்றது. அன்று பிற்பகலே வீடியோவும் மெயிலும் போயிற்று. இரண்டு நாள் கழித்து வாங்குபவர் ஜனவரி 5 வரை தேதி நீட்டிப்பதாக ஒரே வரியில் பதில் எழுதினார். 63-ஆம் பிரிவின்படி அந்த ஒரு வரி போதும். இரண்டாம் பக்கத்துப் பொடி எழுத்து அதன்பின் டிசம்பர் 22-ஐப் பற்றிப் பேச முடியாது. சரக்கைப் பெற்றுக்கொண்டபோதும் நஷ்டஈடு கேட்கப்போவதாக அவர் சொல்லவில்லை. 55-ஆம் பிரிவின்படி, தாமதமாக வந்ததை ஏற்கும் நேரத்திலேயே அதைச் சொல்லாவிட்டால் பிறகு கேட்க வழியில்லை. கழிவு எதுவும் பிடிக்காமல் பணம் வந்தது. அடுத்த ஆர்டரின் இரண்டாம் பக்கத்தை நண்பர் என் மேசையில் வைத்து வரி வரியாகப் படித்து, எக்காரணத்தால் என்று தொடங்கும் வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, அதன் பிறகுதான் சீலை எடுத்தார்.